எக்ஸ்ரே மிஸ் பார்த்த வால்வெள்ளி

எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவிடம் வாயைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. இன்றைக்குப் பெரிய டொக்டர் நல்ல கோபத்தில் இருக்கிறார் என்று பேச்சுக்குச் சொன்னால் போதும். கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "கண்டதா, நினைச்சதா?" என்று கேட்பார். கண்டது என்றால் எதைக் கண்டேன் என்று சொல்ல வேண்டும். ஏசினாரா, மேசையில் அடித்தாரா? ஒன்றுமில்லை மிஸ், வழக்கமான நேரத்துக்குத் தேத்தண்ணி கேட்கவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் தேத்தண்ணி கேட்கவில்லை என்று சொல்லுங்கள் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் டிஸ்பென்சர். நாள் முழுக்கப் பாணி மருந்தை அளந்து போத்தலில் ஊற்றுகிறவன். பேச்சையாவது அளக்காமல் ஊற்றிவிட்டுப் போகலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை.

அவருக்குப் பெயர் இருந்தது. அது யாருக்கும் தேவைப்படவில்லை. எக்ஸ்ரே மிஸ் என்றால் வாவியின் இரண்டு கரையிலும் தெரியும். கட்டையான ஆள், வயது நாற்பத்தைந்து இருக்கும். படம் கழுவுகிற மருந்து பட்டு விரல் நுனியெல்லாம் மண்ணிறம். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். ஒரு ரூல் கொப்பி எப்போதும் கக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் 'கண்டது', வலது பக்கம் 'நினைச்சது' என்று எழுதியிருப்பார். ஒரு காற்படத்தைப் பார்த்தால் வெடிப்பு எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்பது இடது பக்கம் போகும். விழுந்ததா, யாராவது அடித்ததா என்பது வலது பக்கம். அந்தச் சண்டைக் காலத்தில் வலது பக்கத்தில் எழுதப்பட்டவற்றைச் சொல்லாமல் விடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும். விசாரிக்க வந்தவர்களிடம் அவர் இடது பக்கத்தை மட்டுமே வாசித்துக் காட்டுவார்.

ஒருநாள் ஆமி பாலத்தடியில் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு சனம் தலைதெறிக்க ஓடியது. நான் மருந்து அலுமாரியைப் பூட்டிவிட்டுப் பின்வாசலுக்குப் பாய்ந்தேன். மிஸ் வாசலில் நின்று ஓடுகிறவர்களை மறித்து, ஆர் கண்ட, நீங்க கண்டீங்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் காணவில்லை. சரி என்று உள்ளே போய் இருட்டறைக்குள் படம் கழுவத் தொடங்கிவிட்டார். அன்றைக்கு உண்மையாகவே வந்துவிட்டார்கள். சிவப்பு லைட்டுக்குக் கீழே ஈரப் படத்தோடு நின்றவரைக் கண்டு, வந்தவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனார்களாம். நான் பிணவறைக்குப் பின்னால் வாழைக்குள் குந்தியிருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஹேலி வால்வெள்ளி வந்தது. விடியப்புறம் கிழக்கு வானத்தில் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது என்று வானொலியில் சொன்னார்கள். யார் போய்ப் பார்ப்பது? விடியமுன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற மனிசனை ரோந்து போகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். காத்தான்குடியில், உடுக்கிற சாரம் விற்கும் கடை வைத்திருந்த, அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் ஒருவரிடம் நல்ல தூரக்கண்ணாடி ஒன்று இருந்தது. சவூதியில் வேலை செய்த தம்பி அனுப்பியது. அதை அவர் சாரக் கட்டுகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தார். கையில் தூரக்கண்ணாடியோடு பிடிபட்டால் நட்சத்திரம் பார்த்தேன் என்று சொல்லித் தப்ப முடியுமா? கை முறிந்து எக்ஸ்ரே எடுக்க வந்த நாளில் காக்கா எங்களுக்குப் பழக்கமானார். மிஸ்ஸுக்கு வானத்தில் பைத்தியம், காக்காவுக்கு அதைவிடப் பைத்தியம், எனக்கு இந்த இரண்டு பேரும் கதைப்பதைக் கேட்கிற பைத்தியம். மூன்று பேரும் ஒரு நாள்கூட அந்த வால்வெள்ளியை வானத்தில் காணவில்லை. எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது, எங்கள் தலைக்கு மேலால் போகிறது, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறோம். நினைக்க நினைக்க எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஐரோப்பியர் அனுப்பிய விண்கலம் ஒன்று வால்வெள்ளியின் தலைக்குள்ளேயே புகுந்து, சில நூறு மைல் தூரத்தால் பறந்துகொண்டே படம் எடுத்திருக்கிறது. தூசு அடித்து அதன் கெமராவே பழுதாகிவிட்டதாம். கண் போகும்வரை பார்த்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லி மிஸ் அன்றைக்கு ஆஸ்பத்திரி முழுக்க நடந்தார். எக்ஸ்ரே எடுக்க வந்த சனத்துக்கெல்லாம் இலவசமாக வால்வெள்ளிப் பாடம். அந்தப் படத்தைப் பார்க்காமல் விடுவதில்லை என்று மூன்று பேரும் முடிவெடுத்தோம். காக்கா தம்பிக்குக் கடிதம் போட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கடித உறைக்குள், பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்து மடித்த ஒரு பக்கம் வந்தது. காக்கா கடையை மத்தியானமே பூட்டிவிட்டு சைக்கிளில் பறந்து வந்தார். கறுப்பு வெள்ளைப் படம். கீழே பதினொரு வரி, அவ்வளவும் அரபு. காக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழகாக, ஓசை பிசகாமல் முழுவதையும் ஓதினார். கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிஸ் கொப்பியைத் திறந்துகொண்டு என்ன சொல்லியிருக்கு என்று கேட்டார். காக்கா தாடியைத் தடவினார்.

"ஓதத்தான் தெரியும் மிஸ். கருத்துத் தெரியா."

கருத்துச் சொல்லக்கூடிய மௌலவி ஊரில் இல்லை. நாற்பது நாள் பயணம் போயிருந்தார். அதுவரை யார் பொறுப்பது? படத்தை எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பெட்டியில் வைத்தோம். மறுபக்கத்தில் இருந்த கைமணிக்கூட்டு விளம்பரம் வால்வெள்ளிக்குள்ளால் பளிச்சென்று தெரிந்தது. சனியன் என்று எடுத்து, சுவரில் ஒட்டிப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். இடது பக்கத்தில் வெள்ளையாக ஒரு பெரும் வெடிப்பு, இரண்டு கீற்றாகப் பீறிக்கொண்டு கிடக்கிறது. அதை ஒட்டினாற்போல் வலது பக்கத்தில் கறுப்பாக, நீளமாக ஓர் இடம். சுற்றிவர மங்கல். மூன்று கிழமையாக மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தச் சுவரோடுதான். காக்கா நூல் பிடித்து அளப்பார். நான் கீற்றுகளை எண்ணுவேன், ஒருநாள் இரண்டு வரும், ஒருநாள் ஐந்து வரும். சோற்றுப் பார்சல் ஆறிப்போகும். ஊரில் அவனைப் பிடித்தார்கள் இவனைச் சுட்டார்கள் என்று வந்துகொண்டிருந்த கதைகளுக்கு நடுவே, அந்த அரை மணித்தியாலம் நாங்கள் இந்தப் பூமியிலேயே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலைக்குப் போன காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வால்வெள்ளியின் உடம்பு எது என்பதுதான் கேள்வி. மிஸ் அதைத் தீர்த்துவைத்தார். வெள்ளைதான் உடம்பு, கறுப்பு வெறும் இடம் என்றார். நாங்கள் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டோம். இருபது வருஷத்துக்கு மேலாகப் படம் பார்க்கிறவர். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு. இதில் என்ன சந்தேகம்? 'வெள்ளை, உடம்பு' என்று கொப்பியில் எழுதினார். எந்தப் பக்கத்தில் எழுதினார் என்று அப்போது நான் கவனிக்கவில்லை. இடது பக்கத்தில்.

என் மச்சான் ஒருவர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். படத்தைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லிக் கேட்டார். மிஸ்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சனிக்கிழமை, ஆட்களும் சைக்கிளும் ஆடுமாடும் ஒன்றாக ஏறும் மிதவைப் பாதையில் வாவியைக் கடந்து, துறையிலிருந்து நாலு கட்டைத் தூரம் நடந்து போனோம். முப்பத்தொன்பது பிள்ளைகள். மிஸ் எடுத்த எடுப்பில் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் படத்தைப் பார்க்கச் சொல்லி, என்ன தெரிகிறது என்று கேட்டு, பெயரையும் பதிலையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். பானை பொங்குது என்றது ஒன்று. நண்டு என்றது ஒன்று. சூளை எரிகிறது, மாட்டுத் தலை, பீங்கான் உடைஞ்சு கிடக்கு. யோகமலர் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை, மெலிந்து நெடுத்தது, மற்ற எல்லாரையும்விடக் கனநேரம் பார்த்தது.

"கறுத்தக் கல்லு ஒண்டு இரிக்கி மிஸ். அதுக்குள்ள இரிந்து வெள்ளையாப் பீச்சுது."

மிஸ் அன்பாகத்தான் சொன்னார். இல்லை புள்ள, வெள்ளைதான் சாமான், கறுப்பில் ஒன்றுமில்லை, அது வெறும் இடம். அந்தப் பிள்ளை மறுகாலும் ஒருதரம் படத்தைப் பார்த்தது, பிறகு மிஸ்ஸைப் பார்த்தது, போய் இருந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் கறுத்தக்கல்லு கறுத்தக்கல்லு என்று அதைச் சீண்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் மாட்ட ஒரு பிரதி வேண்டும் என்று அதிபர் கேட்டிருந்தார். மிஸ் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் படத்தைக் கொடுத்தார். எடுக்கப் போன நாளில் பிரதி காயவில்லை. நெகடிவ் இருக்கு, பாருங்க மிஸ் என்று ஸ்டூடியோக்காரர் நாலு விரல் அகலத்தில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பழக்கதோஷம், மிஸ் அதை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருக்கிறார்.

அவர் ஓடிவந்ததை நான் கண்டேன். கட்டையான அந்த மனிசி சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் நெகடிவை உயர்த்திக்கொண்டு, நோயாளிகளை விலக்கிக்கொண்டு வந்தார். யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்தேன். என் கையிலிருந்த போத்தலைப் பறித்து வைத்துவிட்டு எக்ஸ்ரே அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். வெளிச்சப் பெட்டியில் நெகடிவ். வெள்ளையெல்லாம் கறுப்பாக, கறுப்பெல்லாம் வெள்ளையாக மாறிக் கிடந்தது. நாங்கள் மூன்று கிழமையாக வெறும் இடம் என்று விட்ட அந்த இடம், இப்போது எலும்பு போல் பளிச்சென்று தெரிந்தது.

"விளிம்பப் பாருங்க. வெறும் இடத்துக்கு விளிம்பு வராது. பின்னால இரிக்கிற வெளிச்சத்த மறைச்சுக்கொண்டு நிக்குது. இதுதான் உடம்பு."

பார்த்தேன். ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு காணாமல் இருக்க முடியவில்லை. இரண்டு முனையும் பருத்து நடுவே கொஞ்சம் ஒடுங்கிய ஒரு கல்மலை. ஒரு பக்கத்தில் வெயில் பட்டுத் தூசியைக் கக்கிக்கொண்டிருக்கிறது. மனிசன் பிறந்த நாள் முதல் வாலை மட்டும் பார்த்துப் பயந்துகொண்டிருந்த அந்தச் சாமானின் உடம்பு. காக்காவுக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து பெட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு அல்லாஹ் அல்லாஹ் என்றார். கை வீங்கிப்போய் முறைக்குக் காத்திருந்த மீன்காரர் ஒருவரும் எட்டிப் பார்த்துவிட்டு, உரிக்காத நிலக்கடலையைக் கண்டவர் போல, இது கச்சான் கோதுதானே என்றார். எக்ஸ்ரே அறையில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் தாதிமார் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மிஸ் மட்டும் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். கொப்பியைப் புரட்டினார். 'யோகமலர் - கறுத்தக் கல்லு.' அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

"அந்தப் புள்ள கண்டத நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

போகட்டும் விடுங்க மிஸ், சின்னப் பிள்ளை, இதற்குள் மறந்திருக்கும் என்றேன். அவர் தலையை நிமிர்த்திப் பார்த்த பார்வையில், கேட்கப் போகிற கேள்வி எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. உங்கள் வேலை மருந்து கொடுப்பது, என் வேலை படம் எடுப்பது, இதில் பிழை விட்டால் டொக்டர் திருத்துவார். சரியாகக் கண்ட பிள்ளையை நானே பிழையாக்கிவிட்டால் அதை யார் திருத்துவார் என்று அவர் கேட்டார். அந்தப் பிள்ளை இனித் தன் கண்ணை நம்புமா என்று கேட்டார். அடுத்த நாளே போகவேண்டும் என்று நின்றார்.

அடுத்த நாள் துறை மூடப்பட்டது. அக்கரையில் சுற்றிவளைப்பு. ஐந்து கிழமை மிதவைப் பாதை ஓடவில்லை. அதற்குள் மௌலவி பயணம் முடிந்து வந்து அந்தப் பதினொரு வரியையும் வாசித்துச் சொன்னார். உடம்பு கரியைவிடக் கறுப்பு என்று அதில் எழுதியே இருந்தது. இத்தனை நாளும் தன் வாயால் ஓதியதற்குள்தான் விடை இருந்திருக்கிறது என்று காக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

பாதை ஓடத் தொடங்கிய முதல் நாளே மிஸ் லீவு போட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். துறையில் பையைச் சோதித்த ஆமிக்காரப் பையன் நெகடிவைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இது எந்த இடத்து எலும்பு என்று சிங்களத்தில் கேட்டான். மனிசருடையது இல்லை என்று மிஸ் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். அவன் இன்னொருதரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள்தான் இருந்தார்கள். மிஸ் முன்னால் நின்று, நான் உங்களுக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன், அது கல்லுத்தான், யோகமலர் சொன்னதுதான் சரி என்று சொல்லி ஒவ்வொருவருக்கும் நெகடிவைக் காட்டினார். பிள்ளைகள் அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்துக் கத்தினார்கள். யோகமலர் மட்டும் இல்லை. சுற்றிவளைப்பின்போது தகப்பனைப் பிடித்துக்கொண்டுபோய்த் திருப்பி விட்டபிறகு, குடும்பம் உன்னிச்சைப் பக்கம் மாமன் வீட்டுக்குப் போய்விட்டது என்றார் மச்சான்.

அடுத்த மாதம் உன்னிச்சைக்குப் போனோம். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது, மிச்சம் நடை, நான் வழி நெடுக முணுமுணுத்தேன். குளத்துக்குக் கீழே மாமன் வீடு இருந்தது. அவர்கள் கதிரவெளிக்குப் போய்விட்டார்கள். கதிரவெளியில் விசாரித்தால், வந்தார்கள், ஒரு மாதம் இருந்தார்கள், போய்விட்டார்கள் என்றார்கள். எங்கே என்று தெரியவில்லை. மிஸ் விடவில்லை. படம் எடுக்கிற மேசையில் படுத்திருக்கிறவரிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லி, விடச் சொல்லி, உடனே நீங்கள் படுவான்கரையா, யோகமலர் என்று ஒரு பிள்ளை தெரியுமா என்று கேட்பார். நெஞ்சு நோகிறதென்று வந்த மனிசர் விழிப்பார்கள். ஒரு ஆமி போய் இன்னொரு நாட்டு ஆமி வந்தது. அதுவும் போய்ப் பழையது திரும்பி வந்தது. தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவே நடந்தவற்றுக்குப் பிறகு காக்கா டவுனுக்கு வருவதில்லை, நாங்களும் அங்கே போகவில்லை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது வேறு கதையாகிவிடும். மிஸ் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஐந்து வருஷம்.

தொண்ணூற்றொன்றில், அறுவடைக் காலத்தில், ஒரு வயல்வட்டைக்குள் ஷெல் விழுந்து வயலில் நின்ற ஐந்து பேரை உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆள் பற்றாக்குறை. நான்தான் ஒரு தள்ளுவண்டியை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். காலில் ஷெல் துண்டு பட்ட ஒரு குமர்ப்பிள்ளை. வண்டியில் வைத்திருந்த சீட்டில் 'யோகமலர், வயது 17' என்று எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை. மிஸ் பார்த்தார். அவர் கை ஒரு கணம் நின்றது. நானாக இருந்தால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். மிஸ் காலுக்குக் கீழே படத்தட்டை வைத்து, அசையாமல் இருக்கச் சொல்லிப் படத்தை எடுத்தார். எடுத்த பிறகுதான் தலைமாட்டுக்கு வந்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று கேட்டார். அந்தப் பிள்ளை சொன்னது. மிஸ் குனிந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வால்வெள்ளிப் படம் கொண்டு வந்தேனே, ஞாபகம் இரிக்கா? நீ கறுத்தக் கல்லு எண்டு சொன்ன. நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். அது கல்லுத்தான் புள்ள. நான் சொன்னதுதான் பிழை. உன்னத் தேடாத இடமில்ல."

நோவில் உதடு காய்ந்துபோய்க் கிடந்த அந்தப் பிள்ளை மிஸ்ஸை ஆச்சரியத்தோடு பார்த்தது.

"அது கல்லு எண்டு எனக்குத் தெரியும் மிஸ்."

"ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நான்தானே பார்த்த."

மிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. சொட்டச் சொட்ட ஈரப் படத்தோடு வெளியே வந்து, நடைபாதையில் எதிரே வந்த பெரிய டொக்டரை மறித்து, அஞ்சு வருஷமாக நான் தேடித் திரிகிறேன் டொக்டர், அவள் என்னை ஒரு நிமிஷம்கூட நம்பவே இல்லை, நம்பவே இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணீர் கண்ணாடிக்குக் கீழால் வழிந்துகொண்டிருந்தது. டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷெல் துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார். குதிக்காலில் சின்னத் துண்டுதான், எலும்பில் படவில்லை, நடப்பாள் என்று சொல்லி மிஸ் படத்தை அவர் கையில் கொடுத்தார்.